டாலர் கழுகின் அலகில் மூன்று சொற்கள்: ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’

அமெரிக்க ஒரு டாலர் நோட்டு கையில் கிடைத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடப்பக்க வட்டத்தில் பிரமிடும் அதற்கு மேல் ஒரு கண்ணும் இருக்கும். வலப்பக்க வட்டத்தில் கழுகு. இரண்டும் அமெரிக்க நாட்டு முத்திரையின் இரு பக்கங்கள். ரகசியச் சங்கம், சதிக் கூட்டம் என்று கதை கட்டுகிறவர்கள் எல்லாரும் பிரமிடைச் சுற்றியே வருவார்கள். உண்மையான சரக்கு கழுகிடம்தான் இருக்கிறது. அது அலகில் கவ்வியிருக்கும் நாடாவில் மூன்று லத்தீன் சொற்கள் உள்ளன: ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’. ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்று பொருள்.

பழைய ரோமானியர் உச்சரிப்பில் முதல் சொல் நெடில் ஏகாரம். அமெரிக்கர்கள் அதை ‘ஈ’ என்பார்கள். கடைசிச் சொல் அவர்கள் வாயில் ‘யூனம்’ என்றோ ‘ஊனம்’ என்றோ வரும். தமிழில் எழுதும்போது இந்த ‘ஊனம்’ சங்கடம் தருவதால் ‘ஊனும்’ என்றே வைத்துக்கொள்வோம். மூல ஒலிக்கும் அதுதான் நெருக்கம்.

உருபில் இருக்கிறது விஷயம்

லத்தீன் தெரியாதவருக்கு இந்த மூன்று சொல் தொடரை விளக்குவது பொதுவாகக் கடினம். தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தால் எளிது. லத்தீனும் தமிழைப் போலவே சொல்லின் கடைசியில் உருபு சேர்த்துப் பொருளைக் காட்டும் மொழி.

முதல் சொல் ‘ஏ’. இதன் முழு வடிவம் ‘எக்ஸ்’. ‘இலிருந்து, உள்ளிருந்து வெளியே’ என்று பொருள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘எக்ஸ்’ என்றுதான் எழுதவேண்டும். மெய்யில் தொடங்கினால் ‘ஏ’ என்று சுருக்கலாம், சுருக்காமலும் விடலாம். நம் ‘ஓர் / ஒரு’ மாதிரி, ஆனால் அவ்வளவு கறார் இல்லாத விதி.

இரண்டாவது சொல் ‘ப்ளூரிபுஸ்’. ‘ப்ளூஸ்’ என்றால் ‘அதிகம்’. கணக்கில் நாம் சொல்லும் ‘பிளஸ்’ இதுவேதான். அதன் பன்மையோடு ‘-இபுஸ்’ என்ற உருபு சேர்ந்திருக்கிறது. இந்த உருபு நமக்கு அந்நியமில்லை. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் ஆம்னி பஸ்ஸில் இருப்பது இதுதான். ‘ஓம்னிபுஸ்’ என்றால் லத்தீனில் ‘எல்லாருக்கும்’. எல்லாருக்குமான வண்டி என்று பிரான்சில் பெயர் வைத்தார்கள். பிறகு முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் வால் மட்டும் ‘பஸ்’ ஆனது. ஒரு வேற்றுமை உருபில் ஏறி ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

‘ஓம்னிபுஸ்’ஸில் நான்காம் வேற்றுமைப் பொருள் தரும் இந்த உருபு, ‘ஏ’ என்ற முன்சொல்லோடு வரும்போது நம் ஐந்தாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. பள்ளியில் ‘மலையின் வீழருவி’ என்று படித்திருப்போமே, அந்த நீங்கல் பொருள்.

மூன்றாவது சொல்தான் தமிழருக்கு மிக எளிது. லத்தீனில் ‘ஊனுஸ், ஊனா, ஊனும்’ என்று மூன்று வடிவங்கள் உண்டு: ஒருவன், ஒருத்தி, ஒன்று. ‘ஊனும்’ என்றால் ‘ஒன்று’. ஆளைக் குறிக்கவில்லை. (லத்தீன் பால் பாகுபாடு தமிழைப் போலப் பொருளைப் பார்த்து அமைவதில்லை, கல்லுக்கும் நிறத்துக்கும்கூட ஆண்பால் உண்டு. இங்கே தனித்து நிற்கும் ‘ஊனும்’ என்பதற்கு மட்டும் நம் ‘ஒன்று’ அப்படியே பொருந்தும்.)

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘-இபுஸ்’ உருபில் பால் வேறுபாடு தெரியாது. ‘பலரிலிருந்து’ என்றும் படிக்கலாம், ‘பலவற்றிலிருந்து’ என்றும் படிக்கலாம். ஆங்கிலத்திலும் இந்த மங்கல் அப்படியே தங்கிவிடுகிறது. தமிழில் மறைக்க வழியில்லை. பலரா பலவா என்று முடிவு செய்தே ஆகவேண்டும். அந்த முடிவுதான் இத்தொடரின் இருநூற்று ஐம்பது ஆண்டு அரசியல் என்று சொன்னால் மிகையாகாது. நாட்டு முத்திரையில் ஏறிய 1782இல் அதற்கு ‘பல’ என்று பொருள். இன்று பெரும்பாலான அமெரிக்கர்கள் அதைப் ‘பலர்’ என்று படிக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம்.

தொடரில் வினைச்சொல்லே கிடையாது என்பதையும் கவனியுங்கள். ‘ஆனது’, ‘ஆகிறது’, ‘ஆகட்டும்’ எதுவும் இல்லை. லத்தீன் முதுமொழிகளில் இது வழக்கம். பாதி அர்த்தத்தைப் படிப்பவர் போட்டு நிரப்பவேண்டும். நாணயத்தில் பொறிக்க இடம் மிச்சம். சண்டை போடவும் இடம் மிச்சம்.

மொழிபெயர்ப்பில் சறுக்கும் இடங்கள்

தமிழில் அடிக்கடி பார்க்கும் முதல் பிழை ‘பலரில் ஒருவர்’ என்பது. பலரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடும். இந்தப் பிழைக்கும் ஒரு நியாயம் உண்டு. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இல்’, ‘இன்’ இரண்டையும் உருபாகச் சொல்கிறது. ‘இல்’ ஏழாம் வேற்றுமையிலும் வரும். ஆகவே உருபை மட்டும் பார்த்தால் குழப்பம் வருவது இயல்பே. லத்தீனிலும் இதே குழப்பம் உண்டு. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஒரு கடிதக் கவிதையில் ‘பல முட்களில் ஒன்றை மட்டும் பிடுங்கினால் உனக்கென்ன நிம்மதி?’ என்று கேட்கிறார். அவர் எழுதியது ‘ஸ்பீனிஸ் தே ப்ளூரிபுஸ் ஊனா’. கிட்டத்தட்ட அதே சொற்கள். பொருள் நேர் எதிர். அங்கே பலவற்றிலிருந்து ஒன்று பிரிகிறது. கழுகின் நாடாவில் பலவும் சேர்ந்து ஒன்றாகிறது.

இரண்டாவது பிழை இன்னும் பரவலானது: ‘வேற்றுமையில் ஒற்றுமை’. காதுக்குப் பழகிய தொடர் என்பதால் கை தானாக எழுதிவிடும். ஆனால் இதில் இருப்பது ஏழாம் வேற்றுமை. வேற்றுமை அப்படியே இருக்கிறது, அதற்குள்ளே ஒற்றுமையும் இருக்கிறது என்பது கருத்து. இதற்கு நேரான லத்தீன் தொடர் ஒன்றும் உண்டு: ‘இன் வாரியெதாத்தே கொன்கோர்தியா’. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்த முழக்கத்தின் லத்தீன் வடிவம் அது. அமெரிக்கத் தொடரோ ஐந்தாம் வேற்றுமை; பலவாக இருந்த நிலையிலிருந்து நீங்கி வேறொன்றாக மாறுவதைச் சொல்கிறது. ஐரோப்பிய நாடுகள் தாம் கரைந்துபோவதாக ஒப்புக்கொள்ளவில்லை. உருபும் அதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. இலக்கணத்தில் உருபின் பெயரும் வேற்றுமை, சமூகத்தில் பன்மையின் பெயரும் வேற்றுமை என்று நம் மொழியில் அமைந்திருப்பதை இங்கே ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவோடு ஒப்பிட நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியலமைப்பை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்ததன் விளைவு அல்ல, அதனால் எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை கிடையாது என்று விளக்கினார். ‘ஒன்றியம்’ என்ற சொல் அதனால்தான் வந்தது என்றும் சொன்னார். அமெரிக்கக் கதை அதற்கு மாறானது: முதலில் பல, பிறகு ஒன்று. எனவே இந்தியாவுக்கு ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’ அப்படியே பொருந்தும் என்று எழுதுவது சரியல்ல.

மூன்றாவது சறுக்கல் பெரிய இடத்தில் நடந்தது. 1994இல் மில்வாக்கி நகரில் பேசிய அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், இத்தொடருக்கு ‘ஒன்றிலிருந்து பல’ என்று தலைகீழாகப் பொருள் சொல்லிவிட்டார். லத்தீனில் சொல் வரிசை பொருளைத் தீர்மானிக்காது, உருபுதான் தீர்மானிக்கும். ‘ஊனும் ஏ ப்ளூரிபுஸ்’ என்று மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. ‘ஏ’ எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே தப்பித்துவிடலாம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? சுருக்கம் வேண்டுமென்றால் ‘பலவும் கூடி ஒன்று’. உருபைக் காப்பாற்றவேண்டுமென்றால் ‘பலவற்றினின்று ஒன்று’. முதலாவது நாவில் நிற்கும். இரண்டாவது தேர்வில் மதிப்பெண் வாங்கும்.

பூண்டுத் துவையலின் நிறம்

இத்தொடர் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதையிலிருந்து வந்தது என்று பல இடங்களில் படிக்கலாம். பாதி உண்மை. ‘மொரேத்தும்’ என்று ஒரு சிறு லத்தீன் கவிதை இருக்கிறது. நூற்றிருபது வரிகளுக்குச் சற்று மேல். வெர்ஜில் பெயரில் நெடுங்காலம் வழங்கியது. அவர் எழுதியதல்ல என்பதே இன்றைய அறிஞர்கள் கருத்து. சிமுலுஸ் என்ற ஏழை உழவன் குளிர்கால விடியலில் எழுந்து, மாவரைத்து, ரொட்டி சுட்டு, தொட்டுக்கொள்ள ஒரு துவையல் செய்கிறான். அந்தத் துவையலின் பெயர்தான் மொரேத்தும்.

செய்முறை கவிதையிலேயே இருக்கிறது. நான்கு பூண்டை உரித்துக் கழுவிக் கல்லுரலில் போடுகிறான். உப்பு, உப்பேறிக் கெட்டிப்பட்ட பாலாடைக்கட்டி, மேலே கொத்தமல்லி, அருவதா போன்ற தழைகள். இடிக்க இடிக்கப் பூண்டின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வருகிறது, திட்டிக்கொண்டே இடிக்கிறான். பிறகு சில சொட்டு எண்ணெய், கொஞ்சம் வினிகர். கடைசியில் இரண்டு விரலால் உரலைச் சுற்றி வழித்து உருண்டை பிடிக்கிறான். இடையில் வருகிறது அந்த வரி: கை சுழல்கிறது, ஒவ்வொன்றும் மெல்லத் தன் வீரியத்தை இழக்கிறது, ‘கொலோர் எஸ்த் ஏ ப்ளூரிபுஸ் ஊனுஸ்’, பல நிறங்களிலிருந்து ஒரு நிறம் பிறக்கிறது. நிறம் என்ற சொல் லத்தீனில் ஆண்பால். அதனால் இங்கே ‘ஊனும்’ என்பதற்குப் பதில் ‘ஊனுஸ்’.

மேற்கோள் காட்டுபவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு வரிகள்தான் சுவையானவை. அந்த நிறம் முழுப் பச்சையும் இல்லையாம், ஏனென்றால் பால்கட்டித் துண்டுகள் இணங்க மறுக்கின்றன. பால்வெள்ளையும் இல்லையாம், ஏனென்றால் அத்தனை தழைகள் கலந்திருக்கின்றன. ஒன்றான பிறகும் முரண்டு பிடிக்கும் துண்டுகள் அதற்குள் தெரிகின்றன. நாட்டு முத்திரைக்கு இதைவிட நேர்மையான விளக்கவுரை கிடைக்காது. ஆனால் முத்திரையை வடித்தவர்கள் இந்தக் கவிதையை மனத்தில் வைத்திருந்ததற்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை.

நட்பைப் பற்றியும் இதே சொற்கள் வந்திருக்கின்றன. கி.மு. 44இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில், பலரிலிருந்து ஒருவர் உருவாவதே நட்பில் பித்தாகரஸ் விரும்பியது என்கிறார். கி.பி. 400ஐ ஒட்டிக் கிறிஸ்தவப் புனிதர் அகுஸ்தினார், உள்ளங்களை உருக்கிப் பலவற்றை ஒன்றாக்கும் தீ என்று நண்பர்களின் பேச்சையும் சிரிப்பையும் வருணிக்கிறார். இருவரும் ‘எக்ஸ் ப்ளூரிபுஸ்’ என்று முழுதாக எழுதியிருக்கிறார்கள். ‘ஏ’ என்ற சுருக்கம் துவையல் கவிதையோடுதான் ஒத்துப்போகிறது.

பத்திரிகை அட்டையிலிருந்து

1776இல் பிலடெல்பியாவில் படித்தவர்களுக்கு இத்தொடர் அறிமுகமானது பெரும்பாலும் கவிதை வழியாக அல்ல, ஒரு லண்டன் மாத இதழ் வழியாக. 1731இல் எட்வர்ட் கேவ் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அது. மற்ற ஏடுகளில் வந்தவற்றைத் திரட்டித் தருவது அதன் தொழில். ‘மேகசின்’ என்ற சொல் அதுவரை பண்டகசாலையைக் குறித்தது. அரபியில் கிடங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதழுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தவர் கேவ்தான். அதன் முகப்பில் ஒரு கை மலர்க்கொத்தைப் பிடித்திருக்கும். பக்கத்தில் ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’. பல ஏடுகளிலிருந்து ஓர் ஏடு, பல மலரிலிருந்து ஒரு கொத்து. (இந்த உத்தியும் கேவின் சொந்தச் சரக்கல்ல. 1690களின் தொடக்கத்திலேயே பீட்டர் மொத்தோ நடத்திய இன்னொரு லண்டன் இதழில் மலர்க்கொத்தும் இத்தொடரும் வந்திருக்கின்றன.)

பெஞ்சமின் பிராங்க்ளினின் மின்சார ஆய்வுகளை 1751இல் லண்டனில் நூலாக வெளியிட்டவரும் இதே கேவ்தான். நாட்டு முத்திரையை வடிவமைக்க 1776இல் அமைத்த முதல் குழுவின் மூவரில் ஒருவர் பிராங்க்ளின். இந்தத் தொடர்பைப் பார்த்தால், நாட்டின் முழக்கம் ஒரு மாத இதழின் அட்டையிலிருந்து வந்திருக்கலாம் என்பதில் வியப்பில்லை. மகத்தான மூலம் வேண்டும் என்ற ஆசையில்தான் வெர்ஜிலைப் பிடித்து இழுக்கிறோம்.

மூன்று குழு, ஆறு ஆண்டு

1776 ஜூலை 4. சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட அன்றே, நாட்டுக்கு ஒரு முத்திரை வடிவமைக்க பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் மூவரையும் மாநிலப் பிரதிநிதிகளின் பேரவையான காங்கிரஸ் நியமித்தது. மூவரும் மேதைகள், ஆனால் ஓவியர் யாரும் இல்லை. பிராங்க்ளின் செங்கடலில் மூழ்கும் பார்வோன் வேண்டும் என்றார், ஆடம்ஸ் ஹெர்குலிஸ் வேண்டும் என்றார், ஜெபர்சன் பாலைவனத்தில் நடக்கும் இஸ்ரயேலர் வேண்டும் என்றார். ஜெனீவாவில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய ஓவியர் பியர் எழேன் து சிமித்தியேரின் உதவியை நாடினார்கள்.

அவர் வடிவமைத்த கேடயத்தில் ஆறு கட்டங்கள். இங்கிலாந்துக்கு ரோஜா, ஸ்காட்லாந்துக்கு முள்செடிப் பூ, அயர்லாந்துக்கு யாழ், பிரான்சுக்கு லில்லி, ஜெர்மனிக்குக் கழுகு, ஹாலந்துக்குச் சிங்கம். இந்த மாநிலங்களில் குடியேறியவர்கள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தார்கள் என்பதைக் காட்ட அந்த ஆறு. சுற்றிலும் பதின்மூன்று மாநிலப் பெயர்களின் முதலெழுத்துகள், ஒரு சங்கிலியால் பிணைக்கப்பட்டு. கீழே ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’. ஆகஸ்ட் 20 அன்று குழு அறிக்கை கொடுத்தது. காங்கிரஸ் அதைக் கிடப்பில் போட்டது. போர் நடந்துகொண்டிருந்தது, முத்திரைக்கு அவசரமில்லை.

1780இல் இரண்டாவது குழு. 1782 மே மாதம் மூன்றாவது குழு. அவர்கள் முன்வைத்த முழக்கங்கள் வேறு. கடைசியில் 1782 ஜூன் 13 அன்று எல்லாக் காகிதங்களும் காங்கிரஸின் செயலர் சார்லஸ் தாம்சன் மேசைக்கு வந்தன. அவர் ஒரு காலத்தில் பிலடெல்பியாவில் லத்தீன் வாத்தியாராக இருந்தவர். மூன்று குழுக்கள் ஆறு ஆண்டுகளில் முடிக்காததை ஒரே வாரத்தில் முடித்தார். முதல் குழுவின் காகிதத்திலிருந்து முழக்கத்தை மட்டும் மீட்டார், கழுகை நடுவில் வைத்தார், நாடாவை அதன் அலகில் கொடுத்தார். மூன்றாவது குழுவுக்கு உதவிய வில்லியம் பார்ட்டன் அதைச் சீர்செய்து தர, ஜூன் 20 அன்று காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. பிரமிடுப் பக்கத்தில் இருக்கும் மற்ற இரண்டு லத்தீன் தொடர்களும் தாம்சன் வேலைதான்; அவைதாம் உண்மையாகவே வெர்ஜிலைத் தழுவியவை.

தாம்சன் கொடுத்த விளக்கக் குறிப்பு மிகச் சுருக்கம். கேடயத்தில் உள்ள செங்குத்துப் பட்டைகள் தனித்தனி மாநிலங்கள். அவற்றை மேலே இணைக்கும் நீலப்பட்டை காங்கிரஸ். முழக்கம் இந்த இணைப்பைக் குறிக்கிறது. அவ்வளவே. மக்கள், இனம், மொழி, குடியேற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் குழுவின் ஆறு நாட்டுக் கேடயம் போனதோடு அந்தப் பொருளும் போய்விட்டது. ‘ப்ளூரிபுஸ்’ என்றால் ‘பல மாநிலங்களிலிருந்து’: அஃறிணை.

இத்தொடரில் லத்தீன் எழுத்துகளை எண்ணினால் 1, 8, 4 என்று பதின்மூன்று வரும். நட்சத்திரம், பட்டை, அம்பு எல்லாம் பதின்மூன்றாக இருப்பதால் இதையும் திட்டமிட்டதாகச் சொல்வார்கள். தாம்சன் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. தற்செயல் என்றே கொள்ளலாம்.

அந்த ‘ஒன்று’ எவ்வளவு ஒன்று?

1782இல் அமெரிக்க அரசியலமைப்பே எழுதப்படவில்லை. அது 1787இல்தான் வந்தது. அப்போது நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகளின்படி ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தானே வைத்துக்கொண்டது. காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்கவேண்டும், அவை கொடுத்தால் உண்டு. அதாவது கழுகின் நாடாவில் ‘ஒன்று’ என்று எழுதியபோது அந்த ஒன்று இன்னும் பிறக்கவில்லை. வினைச்சொல் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

1787க்குப் பிறகும் ‘ஒன்றானபின் மறுபடி பலவாகலாமா’ என்ற கேள்வி தீரவில்லை. 1860-61இல் பதினொரு தென்மாநிலங்கள் பிரிந்தன. அவை 1863இல் தங்கள் முத்திரைக்கு வேறொரு லத்தீன் முழக்கத்தைத் தேடிக்கொண்டன: ‘தேயோ விந்திக்கே’, கடவுளே நம் காவல் என்ற பொருளில். அதே 1863இன் டிசம்பர் 2 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாட உச்சியில் சுதந்திரச் சிலையை ஏற்றினார்கள். அந்த வெண்கலப் பெண் ஓர் உருண்டையின் மேல் நிற்கிறாள். உருண்டையைச் சுற்றி ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’ என்று வார்த்திருக்கிறது.

அந்தச் சிலையை வார்த்த பட்டறையில் பிலிப் ரீட் என்ற அடிமை வேலை செய்தார். சாந்து மாதிரியை உடையாமல் துண்டு துண்டாகப் பிரிக்க வழி கண்டவர் அவரே என்று சொல்லப்படுகிறது. வார்ப்பு அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நாளொன்றுக்கு 1.25 டாலர் அவர் கைக்குக் கிடைத்தது. 33 ஞாயிறுகளுக்கு 41.25 டாலர். மற்ற ஆறு நாள் கூலி அவருடைய உரிமையாளருக்கு. தலைநகரில் 1862 ஏப்ரலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதால், சிலை உச்சிக்கு ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர். 1790 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். ‘பலவற்றிலிருந்து’ என்பதில் அவர்களை யாரும் எண்ணவில்லை. ஆறு நாட்டுக் கேடயத்தில்கூட ஆப்பிரிக்காவுக்கோ பூர்வகுடிகளுக்கோ கட்டம் இல்லை.

போர் முடிந்த பிறகும் இலக்கணம் தயங்கியது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தில், அமெரிக்க ஐக்கிய மாநிலங்களைச் சுட்டி ‘அவற்றின் ஆட்சி எல்லை’ என்று பன்மையில்தான் எழுதியிருக்கிறது. 1869இல் டெக்சாஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத ஒன்றியம் என்று தீர்ப்பெழுதியது. ‘ஊனும்’ என்ற சொல்லுக்குச் சட்ட உரை அன்றுதான் கிடைத்தது எனலாம்.

பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவிலிருந்தும் பிற கண்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தபோது, அதே தொடர் உயர்திணை ஆனது. பல மாநிலங்கள் போய், பல இனத்தவர் வந்தார்கள். சட்டம் எதுவும் மாறவில்லை, நாடாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பால் காட்டாத ஓர் உருபு இடம் கொடுத்தது. இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் குடியேறியவர்களைப் பற்றித்தான் சொல்லும். அது பிழையல்ல, ஆனால் 1782க்கு அதை ஏற்றிச் சொல்வது பிழை.

நாணயத்தில்

1786இல் நியூ ஜெர்சி மாநிலம் வெளியிட்ட செப்புக் காசில் இத்தொடர் முதலில் வந்தது. மத்திய நாணயச்சாலைக் காசுகளில் 1795ஆம் ஆண்டின் ஐந்து டாலர் பொற்காசு முதலாவது. காசில் இது இருந்தாக வேண்டும் என்று 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டம் விதித்தது. இன்றும் அமெரிக்கச் சில்லறைக் காசுகளில் இதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பத்து சென்ட் காசில்தான் கண்ணைக் கொஞ்சம் சுருக்கவேண்டும். தீப்பந்தமும் இலைக்கிளைகளும் குறுக்கே வருவதால் எழுத்துகள் பிரிந்து நிற்கும். அமெரிக்கா தவிர வேறிடத்தில் ‘ப்ளூரிபுஸ்’ஸைப் பார்க்க விரும்பினால், லிஸ்பன் நகரின் பென்ஃபிகா கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் பாருங்கள். அங்கே ‘யு’ எழுத்துக்குப் பதில் ‘வி’ இருக்கும். ரோமானியர் இரண்டுக்கும் ஒரே எழுத்தையே வெட்டினார்கள். ‘வ்’ என்று வாசித்துவிடக் கூடாது.

முத்திரையில் இருந்தாலும் இது நாட்டின் முழக்கம் என்று சட்டம் போட்டு அறிவிக்கப்பட்டதே இல்லை. வழக்கத்தால் அந்த இடத்தில் இருந்தது. சோவியத்துடன் பனிப்போர் நடந்த காலத்தில், 1956 ஜூலை 30 அன்று, ‘கடவுளை நம்புகிறோம்’ என்பதைத் தேசிய முழக்கமாக்கும் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். 1864இலிருந்து சில காசுகளில் இருந்துவந்த தொடர் அது. இரண்டும் ஒரே காசில் குடியிருக்கின்றன, ஒன்று சட்டப்படி முழக்கம், மற்றது முத்திரையின் வாசகம்.

2007இல் அதிபர்கள் உருவம் பொறித்த ஒரு டாலர் காசுகள் வெளிவந்தபோது, இடம் மிச்சம் பிடிக்க இரண்டு தொடர்களையும் காசின் ஓரத்துக்கு, அதாவது விளிம்பின் தடிமனுக்கு, மாற்றினார்கள். காசை அடித்த பிறகு வேறொரு இயந்திரத்தில் உருட்டி ஓர எழுத்தைப் பதிக்கவேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் காசுகளில் ஒரு பகுதி அந்த இயந்திரத்துக்குப் போகாமலே பைக்குள் போய், வழவழப்பான ஓரத்துடன் வங்கிகளுக்கு வந்துவிட்டது. ஊடகங்கள் அவற்றுக்குக் ‘கடவுள் இல்லாத டாலர்’ என்று பெயர் வைத்தன. அதே ஓரத்தில் ‘ஏ ப்ளூரிபுஸ் ஊனும்’ என்பதும் இல்லை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.